தண்ணீரில் விழுந்த விரிசல்

காலையிலிருந்து குனிந்து குனிந்து ரேடியோவுக்கு இடுப்பே விட்டுப் போயிருந்தது. முந்தாநாள் மழையில் தேங்கிய தண்ணீர் எங்கே கண்ணில் பட்டாலும் போய் நிற்பான். போனிலிருக்கும் படத்தைப் பார்ப்பான், தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும் கட்டடத்தைப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், அடுத்த குட்டைக்கு நடப்பான். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒருவர் பரிதாபப்பட்டுத் தானும் கூடக் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

"என்ன தம்பி தொலைச்சீங்க? சாவியா?"

"இல்லீங்க. ஒரு பொண்ணு."

அந்த மனிதர் வந்த பஸ் எந்த பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறிப் போய்விட்டார்.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாய் மூடாத ஆளுக்கு ஊர் வைத்த பெயர். அவனுடைய முதலாளியம்மாவுக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது, பூதக்கண்ணாடி என்று. துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்த அம்மாள் ஒரு பூதக்கண்ணாடியைக் கையால் தொட்டதில்லை. போன்கூட பட்டன் வைத்த பழைய போன்தான். அதில் படம் பார்க்க முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. பேசலாம், அவ்வளவுதான். ரேடியோ அவளை அக்கா என்பான். அவள் அவனை என்ன சொல்லி அழைப்பாள் என்பது அவன் அன்று எவ்வளவு உளறியிருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

இந்தத் தண்ணீர் வேட்டைக்குக் காரணம் காலையில் ஆபீசுக்கு வந்து கண் கலங்கிய மரக்கடைக்காரர். நல்ல வாட்டசாட்டமான மனிதர். உட்கார்ந்ததும் நாற்காலி ஒருமுறை முனகியது.

"போன வாரம் குடோன் எரிஞ்சு போச்சு மேடம். உள்ள இருந்த வாட்ச்மேனும் போயிட்டார். அந்த வேதனையே தீரல. இப்ப தங்கச்சியையும் காணோம். வீடு பூட்டிக் கிடக்கு, போன் அணைஞ்சு கிடக்கு."

"கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்றாள் பூதக்கண்ணாடி.

"ரெண்டு மாசம் இருக்கும். அவ வேலை அப்படி. தெருத்தெருவா சுத்திப் படம் எடுப்பா. அதுவும் நேரா எடுக்க மாட்டா. தண்ணியில தெரியறது, கடைக் கண்ணாடியில தெரியறது, பஸ்ஸோட கண்ணாடியில தெரியறது, இப்படித்தான். நான் அதையெல்லாம் பாக்கறதே இல்ல. நேத்து என் வீட்டுக்காரிதான், நெட்டுல அவ பக்கத்துல புதுசா ஒரு படம் வந்திருக்குன்னு காட்டினா."

போனை நீட்டினார். திரையில் ஒரு கட்டடம் தலைகீழாகத் தொங்கியது. வெளிப்பக்கமாக இரும்புப் படி, ஒரு கதவு, கதவுக்கு மேல் வட்ட ஜன்னல். அடியில் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. திரையின் மூலையில் விரிசல் வேறு கிளை விட்டு ஓடியது.

"திரை உடைஞ்சிருக்கு, மன்னிச்சுக்குங்க. புதன்கிழமை காலைல வெளியூர் லாட்ஜ் படிக்கட்டுல விழுந்தது. அன்னைக்கு என் நேரமே சரியில்ல. காலைல போன் உடைஞ்சுது, சாயங்காலம் குடோன் எரியுதுன்னு தகவல் வருது. ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது." அவர் மூக்கை உறிஞ்சினார். "நாலு மாசமா ஒரு சொட்டு மழை இல்ல மேடம். முந்தாநாள்தான் பெஞ்சுது. அப்ப இந்தப் படம் அதுக்கப்புறம் எடுத்ததுதானே? அந்த இடத்தை மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. நானே போய்க் கூட்டிக்கிட்டு வந்துடறேன்."

படத்தை அவர் ரேடியோவின் போனுக்கு அனுப்பினார். ரேடியோவின் போனில் விரிசல் இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும். அதை வைத்துக்கொண்டு அவன் குட்டை குட்டையாக அலைந்ததுதான் மேலே சொன்ன கதை. அந்த மனிதர் அழுதது அவன் மனதைப் பிசைந்தது. அவனுக்கும் ஒரு தங்கச்சி உண்டு.

ஒரு பிரயோஜனமும் இல்லாமல் மத்தியானம் அவன் பிரிண்ட் லேபின் படியேறினான். தங்கச்சிக்காரி தன் படங்களை எப்போதும் அங்கேதான் பெரிதாகப் போட்டு வாங்குவாளாம். அக்கா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சட்டங்கள், எதிரே உள்ளறைக்கு ஒரு கறுப்புத் திரை. சலூன் கண்ணாடிக்குள் ஒரு தெருவே நடந்து போனது. எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் ஒரு சந்தை வளைந்து நின்றது. லாரிக்காரரின் கறுப்புக் கண்ணாடியில் இரண்டு சூரியன். ரேடியோ வாயைப் பிளந்தான்.

"இதெல்லாம் அந்தப் பொண்ணு எடுத்ததா? அண்ணன்காரர் இதைப் பாக்கறதே இல்லைன்னாரே! எங்க வீட்டுல என் தங்கச்சி கோலம் போட்டாக்கூட நான் தாண்டித்தான் போவேன்."

"மிதிக்காம தாண்டறியா, அதுவே பெரிசு," என்றாள் அக்கா. "போனைக் கொடு. இந்த அம்மா படத்தைப் பெருசா போட்டுத் தரட்டும். குட்டித் திரையில பாக்கறது சாவித் துவாரத்துல எட்டிப் பாக்கற மாதிரி."

லேப்காரம்மா நாற்பது வயதுக்காரி. போனை வாங்கும்போதே அவள் கண் வாசல் பக்கம் போனது. ரேடியோ அதைக் கவனித்தான், ஆனால் நேற்று மரக்கடைக்காரர் இங்கேயும் வந்து தங்கையைக் கேட்டு மேஜையைத் தட்டிவிட்டுப் போனாராம், அதனால் பயந்திருப்பாள் என்று விட்டுவிட்டான். மெஷின் முனகி, காகிதம் அகலமாக வெளியே வந்தது.

"போச்சு," என்றான் ரேடியோ. "கோடு விழுந்துடுச்சு. மேடம், உங்க மெஷினுக்கு வயசாயிடுச்சு."

காகிதத்தின் ஓரத்தில், தலைகீழ்க் கட்டடத்தின் மேலேயே, மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கிளம்பி மூன்றாகப் பிரிந்திருந்தது. கோழிக்கால் மாதிரி. நடுவிரல் மட்டும் கோணல்.

"என் மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல," என்றாள் லேப்காரம்மா. இன்னொன்று போட்டாள். அதே இடத்தில் அதே கோழிக்கால்.

பூதக்கண்ணாடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ரேடியோ. காலைல அவர் போன்ல பாத்தப்போ இந்தக் கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அது அவர் திரையில இருக்கற விரிசல்க்கா."

"உன் போன்ல?"

"என் போன்ல ஆயிரம் விரிசல். அதுல இது எந்த மூலைக்கு?"

"இப்ப இது காகிதம். காகிதத்துல ஏதுடா விரிசல்?"

ரேடியோ காகிதத்தை விரலால் தடவிப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. "அப்ப… விரிசல் படத்துக்குள்ளயே இருக்கா? தண்ணியில எப்படிக்கா விரிசல் விழும்?"

"விழாது. ஏன்னா அது தண்ணியே இல்ல." அவள் லேப்காரம்மா பக்கம் திரும்பினாள். "அந்தப் பொண்ணு மழை இல்லாத நாள்ல எப்படிப் படம் எடுப்பா?"

லேப்காரம்மா ரேடியோவின் போனைப் படுக்கையாகப் பிடித்துக் காட்டினாள். "பக்கத்துல யார் இருந்தாலும் போனை வாங்கிக்குவா. திரையை அணைச்சு, தன் லென்ஸுக்கு அடியில படுக்கையாப் பிடிச்சா, குளத்துல தெரியற மாதிரியே எல்லாம் தலைகீழாத் தெரியும். அவ கேட்டா யாரும் இல்லேன்னு சொல்றதில்ல. அவ கேக்கற விதம் அப்படி."

"கோழிக்கால்!" என்று கத்தினான் ரேடியோ. "அக்கா, மரக்கடைக்காரர் போனு! காலைல மேஜை மேல வெச்சாரே, அதே மூணு விரல், அதே கோணல்! ஆனா அவர் தங்கச்சியைப் பாத்தே ரெண்டு மாசம் ஆச்சுன்னாரே? போன் உடைஞ்சதே போன புதன்கிழமைன்னாரே?"

பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ள மூலையில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. அக்கா படத்தைத் தலைகீழாகத் திருப்பி அதன் முன்னால் பிடித்தாள்.

"வெறுமனே திருப்பிப் பிடிச்சா கட்டடம் நேராயிடும், ஆனா இடது வலதாவே இருக்கும். அதான் தெரிஞ்ச கட்டடம்கூட தெரியாத கட்டடம் மாதிரி இருக்கு. இப்பப் பாரு."

ரேடியோ கண்ணாடிக்குள் பார்த்தான். இடது பக்கம் இரும்புப் படி. நடுவில் கதவு. கதவின் வெளியே பெரிய பூட்டு. மேலே வட்ட ஜன்னல், அதில் வெள்ளையாக ஒரு திட்டு. போன வாரம் வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் அவனும் நின்றிருந்தான். அப்போது அந்தப் படி கரியாக இருந்தது. கதவு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"எரிஞ்சு போன குடோன்!" அவன் குரல் தானாகவே இறங்கியது.

"புதன்கிழமை காலைக்கு முந்தி எடுத்திருந்தா விரிசல் இருக்காது. சாயங்காலத்துக்குப் பிந்தி எடுத்திருந்தா கட்டடம் இருக்காது. ரெண்டுக்கும் நடுவுல அந்த போன் குடோன் வாசல்ல இருந்திருக்கு. போன் மட்டும் தனியா வெளியூர்லேர்ந்து பஸ் ஏறி வராது. கதவு வெளியே பூட்டியிருக்கு. உள்ள ஒரு மனுஷன் எரிஞ்சு செத்திருக்கான்." பூதக்கண்ணாடி படத்தை இறக்கினாள். "அந்தப் பொண்ணு தொலையலடா. ஒளிஞ்சிருக்கா. அவரை அங்க பாத்த ஒரே சாட்சி அவதான். அதான் நம்மளை விட்டுத் தேடறார்."

ரேடியோ படிக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அக்கா."

"என்ன?"

"நான் படியேறும்போது அவர் போன் பண்ணினார். அழுத குரலா இருந்துச்சுக்கா, மனசு கேக்கல… லேப்லதான் இருக்கோம், படம் பெருசா வருது, உடனே வாங்கன்னு…"

"எவ்வளவு தூரத்துல இருக்கேன்னார்?"

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் பதில் தேவைப்படவில்லை.

"அம்மா, பின்னாடி போய் ஸ்டேஷனுக்கு போன் பண்ணுங்க," என்றாள் பூதக்கண்ணாடி, கறிகாய் வாங்கச் சொல்வது போல. "அப்படியே அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால நிக்கிறவளை அசையாம நிக்கச் சொல்லுங்க. ஃபேன்கூட ஓடல, திரை மட்டும் ஆடுது. இந்தச் சட்டத்துக் கண்ணாடியில நல்லாத் தெரியுது."

லேப்காரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு திரைக்குள் ஓடினாள். ரேடியோ சுவரைப் பார்த்தான். ஒரு சட்டமா இரண்டு சட்டமா? சுவர் பூராவும் கண்ணாடி. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிற எவனுக்கும் முதுகுக்குப் பின்னாலிருக்கும் திரை அப்பட்டமாகத் தெரியும். ஓரத்தில் ஒரு செருப்பு நுனிகூடத் தெரிந்தது.

"சலூன் படத்துக்கு முன்னாடி போய் நில்லு. அதுலதான் பளிச்சுனு தெரியுது. வாயை மட்டும்…"

"மூடிக்கறேன்."

"மூடாத. பேசு. எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேசு."

படியில் கனமான காலடி. மரக்கடைக்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். "கெடச்சாளா?"

"உக்காருங்க சார்," என்றான் ரேடியோ, கைகளை அகல விரித்துச் சலூன் படத்தை மறைத்தபடி. "தண்ணி குடிக்கிறீங்களா? இன்னைக்கு நான் பாத்த தண்ணி ஒரு ஊருக்கே போதும். ஒரு குட்டையில என் மூஞ்சியைப் பாத்துட்டு நானே பயந்துட்டேன்னா பாருங்களேன்."

"தம்பி, இடம் தெரிஞ்சுதா இல்லியா?"

"தெரிஞ்சுது," என்றாள் பூதக்கண்ணாடி. "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். நாற்காலி முனகியது. அவருடைய கண் சுவரில் மேய்ந்தது. குடத்துப் படத்தின் பக்கம் போனபோது ரேடியோ அங்கே நகர்ந்தான். லாரிக்காரர் படத்தின் பக்கம் போனபோது இங்கே நகர்ந்தான். நண்டு மாதிரி அவன் நகர்வதைப் பார்த்து அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இடுப்புப் பிடிப்பு சார். ஒரே இடத்துல நின்னா இழுத்துக்குது."

"உங்க போனைக் கொஞ்சம் மேஜை மேல வைங்க," என்றாள் பூதக்கண்ணாடி. அவர் வைத்தார். அவள் படத்தை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டு கோழிக்கால்களும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தன. "இது படத்துல இருக்கற விரிசல். அது உங்க போன்ல இருக்கற விரிசல். இப்ப அந்தக் கண்ணாடியைப் பாருங்க."

படத்தைத் திருப்பி மூலைக் கண்ணாடிக்குக் காட்டினாள். அவர் பார்த்தார். பிறகு அவருடைய கழுத்தில் ஒரு நரம்பு எழும்பியது.

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

"நீங்க இல்ல. உங்க போன் இருந்திருக்கு."

நாற்காலி பின்னால் சரிந்தது. அவர் படத்தைப் பிடுங்கிக் கிழித்தார். மறுபடி கிழித்தார். "எங்க? இப்பக் காட்டு உன் சாட்சியை!"

"சார், அது உங்க போன்லயே இருக்கு," என்றான் ரேடியோ. "நெட்டுல உங்க தங்கச்சி பக்கத்துல இருக்கு. நேத்துலேர்ந்து ஊரே பாத்துக்கிட்டிருக்கு. நீங்கதான் பாக்கல."

அதைச் சொல்லும்போது அவன் ஒரு அடி முன்னால் வந்துவிட்டான். சலூன் படத்தின் கண்ணாடி அவன் தோளுக்குப் பின்னால் திறந்துகொண்டது. மரக்கடைக்காரரின் பார்வை அதில் போய் நின்றது. கறுப்புத் திரை, அதன் அடியில் செருப்பு.

"இங்கதான் இருக்கா!"

மேஜையில் அட்டை வெட்டும் கத்தி கிடந்தது. அதை அவர் எப்போது எடுத்தார் என்று ரேடியோ பார்க்கவில்லை. பார்த்தபோது அது அவர் கையில் இருந்தது. ரேடியோ திரைக்கு முன்னால் பாய்ந்து நின்றான். நகர வேண்டும் என்று மூளை சொன்னது, உடம்பு கேட்கவில்லை. நான் கூப்பிட்டுத்தானே வந்தான் இவன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"தள்ளுடா!"

"மாட்டேன் சார்."

திரை விலகியது. அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அவரை விடுண்ணே. நான் வந்துட்டேன்."

ஒல்லியான பெண். தூங்காத கண்கள். கையில் ஒரு போன் மட்டும் இருந்தது. மரக்கடைக்காரரின் கை பாதியில் நின்றது.

"பாப்பா, உள்ள ஆள் இருந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. இன்சூரன்ஸுக்காக வெறும் மரத்தைத்தான் எரிச்சேன். புதன்கிழமை வாட்ச்மேனுக்கு லீவு. நீ இவங்ககிட்டச் சொல்லு."

"சொல்லட்டுமாண்ணே?" அவள் கிழிந்து கிடந்த துண்டுகளில் ஒன்றைக் குனிந்து எடுத்தாள். வட்ட ஜன்னல் இருந்த துண்டு. "இந்த வெள்ளையா இருக்கே, இது என்ன தெரியுதா? கை. வாட்ச்மேன் கை. உங்கிட்ட போனை வாங்கிப் படம் எடுத்துட்டு நான் என்ன சொன்னேன்? 'மேல ஒருத்தர் கை காட்டறாருண்ணே, படம் பிரமாதமா வந்திருக்கு'ன்னேன். எனக்கு டாட்டா காட்டறார்னு நெனச்சேன். பூட்டாதேன்னு உங்கிட்டச் சொல்லியிருக்கார்."

அவள் அந்தத் துண்டை அண்ணன் முன்னால் நீட்டினாள்.

"நீ மேல நிமிந்து பாத்தே. அப்புறம் போனைப் பிடுங்கிக்கிட்டு, வீட்டுக்குப் போன்னே. ராத்திரி வந்து என் கேமராவைத் தரையில அடிச்சே. படம் அதுல இருக்குன்னு நெனச்சே. படம் என் போன்ல இருந்துச்சுண்ணே."

"அப்ப நேரா ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டியதுதானே?" என்று கேட்டாள் பூதக்கண்ணாடி. "எதுக்கு ஊருக்கு முன்னால போட்டே?"

"ஊருக்காகப் போடலீங்க. இவருக்காகப் போட்டேன்." அந்தப் பெண்ணுக்குக் குரல் உடைந்தது. "என்னைத் தூக்கி வளத்தவர். நான் போய்ச் சொல்றதுக்கு முன்னாடி அவரே போய்ச் சொல்லட்டும்னு நெனச்சேன். படத்தைப் பாத்தா அவருக்குப் புரியும், பயம் வரும், போயிடுவார்னு நம்பினேன். ஒரே ஒரு தடவை ஒழுங்காப் பாத்திருந்தாப் போதும். இத்தனை வருஷத்துல என் படம் ஒண்ணைக்கூட நீ பாத்ததில்லையேண்ணே. இதையும் பாக்காமலே எடுத்துக்கிட்டுப் போய் இவங்ககிட்டக் கொடுத்திருக்கியே!"

அவள் அழுதாள். ஒளிக்காமல், முகத்தை மூடாமல் அழுதாள்.

கீழே ஜீப் வந்து நிற்கும் சத்தம். பூட்ஸ் கால்கள் படியேறின. மரக்கடைக்காரர் கத்தியை மேஜையில் வைத்தார். ஓடப் பார்க்கவில்லை. மேஜை ஓரத்தில் இரண்டாவதாகப் போட்ட பிரிண்ட் அப்படியே இருந்தது. அவர் அதை எடுத்தார். பூதக்கண்ணாடி தடுக்கவில்லை. மூலைக் கண்ணாடியின் முன்னால் போய், படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். படியை, பூட்டை, வட்ட ஜன்னலை, அந்தக் கையை.

போலீஸ்காரர் வந்து அவர் தோளில் கை வைத்தபோதுகூட அவர் திரும்பவில்லை.

"நல்லாத்தான் எடுத்திருக்கே பாப்பா," என்றார்.

அவரை இறக்கிக்கொண்டு போன பிறகும் அந்தப் பெண் கண்ணாடியையே பார்த்தபடி நின்றாள். பூதக்கண்ணாடி ரேடியோவைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான்.

"யாரு, தங்கச்சியா? நான்தான். ஒண்ணுமில்ல… நேத்து வாசல்ல ஏதோ கோலம் போட்டிருந்தியே, அழிச்சுட்டியா? அழிக்காத. வந்து பாக்கறேன்."